சாய்வு அலுவலர்

மனித குலம் வானத்தை வென்ற வரலாற்றை நாளைக்கு யாராவது எழுதினால், ராக்கெட் விட்டவர்களுக்கு ஓர் அத்தியாயமும் நிலவில் கால் வைத்தவர்களுக்கு ஓர் அத்தியாயமும் கொடுத்துவிட்டு, மூன்றாவது அத்தியாயத்தை ஒரு மொட்டைமாடிக்கு ஒதுக்கியே ஆகவேண்டும். அந்த மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், நாலைந்து கொடிக்கயிறுகள், கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இவற்றுக்கு நடுவே, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தபடி, மோட்டார் வைத்த ஒரு டிஷ். அதை நிறுவியவர் சூப்ரண்ட். அதைத் தாங்கியவன் மச்சான். வரலாறு வழக்கம்போல முதல் ஆளோடு நிறுத்திக்கொள்ளும் என்பதால், இரண்டாவது ஆளைப் பற்றி இங்கே சொல்லிவைப்பது புண்ணியம்.

சூப்ரண்ட் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அலுவலகம்தான் அவரை விட்டதே தவிர, அவர் அலுவலகத்தை விடவில்லை. கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காபியில் சர்க்கரை குறைந்தால் மனைவியிடம் 'விளக்கம்' கேட்பார். உப்பு தீர்ந்தால் 'மேல்நடவடிக்கை' எடுப்பார். அதாவது, மச்சானைக் கடைக்கு அனுப்புவார்.

மச்சான் அவர் மனைவியின் தம்பி. தெருவே அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டது. டைல்ஸ் கடை ஒன்றில் விற்பனையாளனாக இருந்தான்; கடையை மூடியபின் அக்கா வீட்டுக்கு நாலு நாள் தங்க வந்தான். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. அவனுக்குக் கடவுள் கொடுத்த திறமை ஒன்றே ஒன்று: சாய்வது. பக்கத்தில் சுவர், கதவு, தூண், நிறுத்திவைத்த பைக் என்று எது இருந்தாலும் தோள் தானாகப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். "நிமிர்ந்து நில்லேன்டா தம்பி" என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இந்தத் திறமை ஒருநாள் விஞ்ஞானத்துக்கே முட்டுக்கொடுக்கப் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சூப்ரண்டுக்கு ஒரே மகள். தூரதேசத்தில் ஒரு சின்ன டிவி நிலையத்தில் வேலை. இத்தனை நாள் பிறர் படிக்க வானிலை அறிக்கை எழுதிக்கொடுத்துக் கொண்டிருந்தவளை, அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முதல்முறையாகத் திரையில் வந்து படிக்கச் சொல்லியிருந்தார்கள். காலை பத்து மணிக்கு. மொத்தமே இரண்டு நிமிடம்.

"அந்தத் துண்டை வெட்டி போனுக்கு அனுப்பிடுறேம்ப்பா, பாத்துக்கலாம்" என்றாள் மகள்.

சூப்ரண்ட் நெஞ்சில் கைவைத்தார். "பெத்த மகளைத் துண்டுல பாக்கிறதா? உன் சானல் எந்தச் செயற்கைக்கோள்ல வருதுன்னு மட்டும் சொல்லும்மா. நேரா வானத்துலேருந்து எறக்கிப் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் டிஷ் வந்தது.

சாதாரண டிஷ், மாட்டிய நாளிலிருந்து துருப்பிடிக்கிற நாள்வரை ஒரே செயற்கைக்கோளை முறைத்துக்கொண்டு நிற்கும். மோட்டார் வைத்தது அப்படியில்லை. ரிமோட்டை அழுத்தினால் 'உர்ர்ர்' என்று கழுத்தைத் திருப்பி, கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை வளைவாக வரிசை நிற்கும் கோள்களை ஒவ்வொன்றாக நலம் விசாரிக்கும். அதற்கு ஒரே நிபந்தனை, அதைத் தாங்கும் இரும்புக் குழாய் நட்டமாக நிற்கவேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் நடுவில் இருக்கும் கோள்கள் கிடைக்கும். கோடியில் இருப்பவை கைவிட்டுப் போகும். மகளின் சானல் இருந்தது மேற்குக் கோடியில்.

சூப்ரண்ட் கடைக்காரரின் ஆளைப் படியேறவே விடவில்லை. "வெளியாள் வந்தா வேலை முடியும், ஆனா முறைப்படி முடியாது" என்றார்.

முறைப்படி முதல் நடவடிக்கையாக, வீட்டில் இருந்த ஒரே கேமரா போன் மாடிக்கு 'அயற்பணி'யில் அனுப்பப்பட்டது. அதில் திசைகாட்டி இருந்தது, கோணம் அளக்கும் கருவியும் இருந்தது. அதுவரை அந்தப் போன் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் மேஜைமேல் தண்ணீர்ச் செம்பில் சாய்ந்து நிற்கும். அதற்குள்ளிருந்து மகள், "அம்மா, இன்னிக்கு என்ன சமையல்? மாமாவுக்கு இன்னொரு கரண்டி வை" என்பாள். இப்போது அது ரப்பர் பேண்ட் போட்டு டிஷ்ஷின் கையில் கட்டப்பட்டு, வடக்கு எது தெற்கு எது என்று சொல்லிக்கொண்டிருந்தது. மகள் கூப்பிட்டால் திரையில் முள் மறைந்து அவள் முகம் வந்துவிடும். "அளவை நேரத்துல இடைஞ்சல்!" என்று சூப்ரண்ட் வெட்டிவிடுவார். அக்காவிடம் இருந்தது பட்டன் போன். குரல் வரும், முகம் வராது.

"புள்ள மூஞ்சியப் பாத்து மூணு வாரம் ஆச்சுங்க" என்றாள் அக்கா.

"அதுக்குத்தானே இவ்வளவு பாடு! மகளைப் பாக்கணுமா வேண்டாமா?"

"பாக்கணும்."

"அப்ப மகள் கூப்பிட்டா எடுக்காதே."

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று மச்சான் யோசித்துப் பார்த்தான். எங்கே தொட்டாலும் ஓட்டையாகவே இருந்ததால் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. கதவில் சாய்ந்துகொண்டான்.

குழாய் நட்ட நாள் அவன் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடித்து, குழாயை நிறுத்தி, சூப்ரண்ட் அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த காற்றுக்குமிழி அசைந்து அசைந்து நடுவில் வந்து நின்றதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை முடுக்கினார். பிறகு டிஷ்ஷை ஏற்றி, கோணம் பார்த்து, ஒவ்வொரு கோளாகத் தேடினார்கள். கீழே ஹாலில் டிவி முன்னால் அக்கா. திரையின் நடுவே ஒரு பெட்டி, அதில் சிக்னல் எத்தனை சதவீதம் என்று எண் ஓடும். அதைப் பார்த்து அவள் படிக்கட்டு வழியாகக் கத்தவேண்டும்.

"எண்பது!"

"மீதி இருபது எங்கே?" என்று மேலிருந்து கேட்டார் சூப்ரண்ட்.

"எனக்கென்னங்க தெரியும்? நான் எடுத்து வச்சுக்கிட்டேனா?"

மச்சானுக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒருநாள் கணக்கில் தொண்ணூற்று நாலு வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். சூப்ரண்ட் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, "மீதி ஆறு எங்கே போச்சு?" என்றார். குழந்தை அதை நிஜமான கேள்வி என்று நினைத்துவிட்டது. புத்தகப் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டித் தேடியது. அப்போது விடுமுறைக்கு வந்திருந்த மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்குப் போய் ஆறு மிட்டாய் வாங்கிவந்தான். "இந்தா, மீதி ஆறு. கடையில விட்டுட்டு வந்திருக்க" என்று அவள் கையில் வைத்தான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டு ஆறையும் ஒரே மூச்சில் தின்றாள். பிரசங்கம் செய்யத் தெரியாதவர்கள் மிட்டாய் வாங்கித் தருவார்கள். ஆண்டவன் கணக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் ஏறும் என்று நம்புகிறோம்; மிட்டாய் கொஞ்சம் முன்னால் ஏறினாலும் ஆச்சரியமில்லை.

குழாய் நட்ட அன்று சாயங்காலம் எல்லாக் கோள்களும் கிடைத்தன. மேற்குக் கோடியும் கிடைத்தது. சூப்ரண்ட் "நிறைவேறியது" என்று அறிவித்தார். மச்சான் சாப்பிடக் கீழே இறங்கினான். மேற்குக் கோடி போய்விட்டது.

அன்றிலிருந்து அந்த டிஷ்ஷுக்கு ஒரு மர்ம நோய். காலையில் சிக்னல் நன்றாக இருக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய்விடும். மாலையில் திரும்ப வரும். காபி நேரத்தில் போய்விடும். சூப்ரண்ட் 'அவசரக் கூட்டம்' கூட்டினார். தலைவர் அவர். உறுப்பினர்கள் அக்காவும் மச்சானும்.

"சூரியனில் ஏற்படும் கொந்தளிப்பு" என்றார் தலைவர்.

"சூரியன் தினமும் நம்ம சாப்பாட்டு நேரத்துக்கா கொந்தளிக்குது?" என்றாள் அக்கா.

"குக்கர்!" சூப்ரண்ட் துள்ளி எழுந்தார். "உன் குக்கர் விசில் அடிக்கிறப்பல்லாம் அலைவரிசை கலையுது!"

குக்கர் தடைசெய்யப்பட்டது. அக்கா சோற்றைப் பானையில் வடித்தாள். அப்போதும் சிக்னல் போயிற்று. அடுத்து மிக்சிக்குத் தடை, அழைப்புமணிக்குத் தடை. மாடி வழியாகப் பறக்கும் புறாக்கள்மேல் விசாரணை தொடங்கியது. அத்தனை நாளும் மச்சான் காலையில் மாடியேறி, காற்றாட, ஏதோ ஒன்றில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் இறங்கினான். அவனை யாரும் விசாரிக்கவில்லை. வேலையில்லாதவனால் எந்த விளைவும் ஏற்படாது என்பது அந்த வீட்டின் அசைக்கமுடியாத கொள்கை.

வியாழக்கிழமை காலையில் கீழ்வீட்டு நர்ஸம்மா ஈரத்துணி வாளியோடு மாடிக்கு வந்தாள். இரவு ஷிப்ட் முடித்த கண்கள்.

"மச்சான், கொஞ்சம் நகருங்க. கொடியை எட்டணும்."

மச்சான் குழாயிலிருந்து நகர்ந்தான். கீழேயிருந்து சூப்ரண்டின் அலறல்: "போச்சு!"

"என்னாச்சு?" என்று பயந்தாள் நர்ஸம்மா. செத்துக்கித்துப் போச்சோ என்று அவளுக்குத் தொழில் கவலை.

"ஒண்ணுமில்லக்கா. சிக்னல்." மச்சான் மறுபடி குழாயில் சாய்ந்தான்.

"வந்துருச்சு!"

நர்ஸம்மா அவனைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். "இன்னொருதரம் நகருங்க."

"போச்சு!"

"சாயுங்க."

"வந்துருச்சு! யாரும் எதையும் தொடாதீங்க!"

நர்ஸம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவமே! நீங்கதானா சிக்னல்?"

அப்போதுதான் மச்சானுக்கு எல்லாம் விளங்கியது. குழாய் நட்ட அன்று அவன் அதில் சாய்ந்து நின்றிருந்தான். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்தபோதும் சாய்ந்து நின்றிருந்தான். போல்ட்டு முடுக்கியபோதும், கோள்களைத் தேடியபோதும் நகரவே இல்லை. கிளாம்ப்பில் குழாய் அசைகிற அளவுக்குக் கொஞ்சம் இடைவெளி. ஆகவே அந்தக் குழாய், மச்சானோடு சேர்த்துத்தான் நட்டம். மச்சான் இல்லாவிட்டால் கோணல்.

விஷயத்தைக் கேட்ட சூப்ரண்ட் வெகுநேரம் குழாயைச் சுற்றிவந்தார்.

"அத்தான், ரெண்டு போல்ட்டைத் தளர்த்தி, நான் தள்ளி நின்னுக்கிட்டு, திரும்ப நட்டமா நிறுத்திட்டா முடிஞ்சுது" என்றான் மச்சான்.

"அப்ப நான் வச்ச ரசமட்டம் தப்புங்கிறியா?"

"ரசமட்டம் சரிதான் அத்தான். நான்தான்..."

"நீ தப்புன்னா, உன்னைக் கணக்குல எடுக்காத நான் தப்பு. நான் தப்புன்னா இத்தனை வருஷ சர்வீஸும் தப்பு. அது எப்படி?" சூப்ரண்ட் முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது. "யோவ் மச்சான், நீ இவ்வளவு நாள் வேலை தேடினியே?"

இப்படியாக, உலகத்திலேயே முதல்முறையாக, 'சாய்வு அலுவலர்' என்ற பதவி உருவாக்கப்பட்டு உடனடியாக நிரப்பப்பட்டது. போல்ட்டில் ஒரு திருகு திருகி முடிக்கவேண்டிய வேலைக்கு ஒரு முழு மனிதனை நியமித்த தொலைநோக்கை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பயிற்சியும் அன்றே தொடங்கியது. நடுக்கோளுக்குச் சும்மா தோளைத் தொட்டுக்கொண்டால் போதும். கிழக்குக் கோடிக்கு லேசான சாய்வு. மேற்குக் கோடிக்குத்தான் முழுச் சாய்வு. வயிறு நிறைந்திருந்தால் இன்னும் நல்லது. "சாப்பிட்டுட்டு வந்து சாயுறப்ப ரெண்டு சதவீதம் கூடுது, இவனுக்கு இன்னொரு தட்டு போடு!" என்று சூப்ரண்ட் ஆணையிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே போட்டாள். தம்பிக்கு இரண்டாவது தட்டு போட அந்த வீட்டில் உத்தரவு பிறந்தது அதுவே முதல்முறை.

தும்மல் வந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்று ஒரு விதி. காலை மாற்றி நிற்க அனுமதி கேட்கவேண்டும் என்று இன்னொரு விதி.

ஒன்றைச் சூப்ரண்டும் கவனிக்கவில்லை, மச்சானும் வெள்ளிக்கிழமை காலைவரை கவனிக்கவில்லை. அக்காதான் படியேறி வந்து சொன்னாள்.

"டேய், நீ இங்க சாஞ்சு நின்னா, அவளை நீ எப்படிடா பாப்ப?"

மச்சான் குழாயைத் தடவிக்கொண்டான். மருமகள் திரையில் வரப்போகும் அந்த இரண்டு நிமிடத்துக்காக அவனும் ஒரு வாரமாக, வெளியே சொல்லாமல், நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்து வைத்திருந்தான். இப்போதும் அதைத்தான் போட்டிருந்தான்.

"நீ பாருக்கா. பாத்துட்டு எப்படி இருந்தான்னு சொல்லு. அது போதும்."

"நான் சாயுறேன், நீ போய்ப் பாரு."

"உனக்கு வெயிட் பத்தாதுக்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இறங்கிப் போகும்போது, எந்தச் சாமி சிக்னல் இலாகாவைக் கவனிக்கிறது என்று தெரியாததால், எல்லாச் சாமியையும் பொதுவாக வேண்டிக்கொண்டாள். கடவுளுக்கு எல்லாத் திசையும் தெரியும். பாவம், அவருக்கு மோட்டார்கூடக் கிடையாது.

பத்து மணி நெருங்கியது. வெயில் ஏறி, குழாய் தோளைச் சுட்டது. கொடியில் துணி எடுக்க வந்த நர்ஸம்மா பார்த்தாள். கீழே போய்த் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து தோளுக்கும் குழாய்க்கும் நடுவே செருகினாள். ஒரு குடையையும் விரித்து அவன் தலைமேல் பிடித்தாள்.

கீழேயிருந்து, "ரெண்டு கூடியிருக்கு! அங்கே என்ன செஞ்சீங்க?" என்றார் சூப்ரண்ட்.

"தலையணை அத்தான்!"

"நிரந்தரமாக்கு!"

'உர்ர்ர்' என்று டிஷ் கடைசியாக ஒருமுறை கழுத்தைத் திருப்பி மேற்கே குனிந்து நின்றது. மச்சான் மூச்சை இழுத்து, முழு உடம்பையும் குழாயில் சாய்த்தான். படிக்கட்டு வழியாக ஓர் இசை மிதந்து வந்தது. பிறகு ஒரு குரல். புரியாத பாஷை. ஆனால் வாக்கியத்தின் முடிவில் மூச்சை லேசாக இழுக்கும் அந்தப் பழக்கம், மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு பேசிய அதே பழக்கம்.

"அவதான்!" என்றான் மச்சான் நர்ஸம்மாவிடம், அசையாமல். "அவதான்க்கா!"

கீழே அக்காவின் சத்தம் கேட்டது. "ஏங்க, அந்தப் பெட்டியை எடுங்க! சிக்னல் பெட்டி அவ மூஞ்சிமேல நிக்குது!"

"பெட்டியை எடுத்தா சிக்னல் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

"மூஞ்சி தெரியலைங்க!"

"தொண்ணூத்தி ரெண்டு... மூணு... யோவ் மச்சான், அப்படியே நில்லு!"

"கை தெரியுது... கையை நீட்டி மேகத்தைக் காட்டுறா... ஐயோ, மணிக்கட்டு எலும்பா இருக்கே, சாப்பிடுறாளா இல்லையா... பெட்டியை எடுங்களேன்!"

"நாலு! தொண்ணூத்தி நாலு! அசையாதே!"

மச்சான் அசையவில்லை. வெயிலில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியபோதும் இமையை மட்டும் மூடிக்கொண்டான். குரல் ஏதோ சொல்லி முடித்து, சின்னதாகச் சிரித்து, நின்றது. மறுபடி இசை. வேறு யாரோ ஓர் ஆள் பேசத் தொடங்கினான். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.

"கடைசிவரைக்கும் மூஞ்சியே தெரியலைங்க" என்றாள் கீழே அக்கா.

அப்போது டிஷ்ஷின் கையில் கட்டியிருந்த போன் அடித்தது. திசைகாட்டியின் முள் மறைந்தது. வெட்டிவிட அங்கே சூப்ரண்ட் இல்லை. மச்சான் கையை நீட்டி ரப்பர் பேண்டைக் கழற்றினான். ஒப்பனைகூடக் கலைக்காமல், திரை முழுவதும், எந்தப் பெட்டியும் மறைக்காமல், மருமகள்.

"மாமா! நீங்களா? அப்பா போனை எடுக்கவே மாட்டேங்கிறாரே! ஏன் இப்படிச் சாஞ்சு நிக்கிறீங்க?"

"உத்தியோகம்மா" என்றான் மச்சான். "நல்லா இருந்துச்சும்மா. குரல் கேட்டேன்."

"அப்பா பாத்தாரா? எப்படி இருந்துச்சாம்? கேளுங்களேன், ப்ளீஸ்!"

மச்சான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினான். "அத்தான்! எப்படி இருந்துச்சு?"

ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல், பெருமை பொங்க, பதில் மேலேறி வந்தது. "தொண்ணூத்தி நாலு!"

தூரதேசத்தில் அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒப்பனையைக் கெடுத்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பா என்று உறுதியாகச் சொல்லமுடியாத மாதிரி.

"மாமா... மீதி ஆறு?"

"கடையில இருக்கும்மா" என்றான் மச்சான். "இப்பவே போய் வாங்கி அனுப்புறேன்."

படியில் காலடிச் சத்தம். அக்கா ஏறி வந்துகொண்டிருந்தாள், மூச்சிரைக்க, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. மச்சான் தலையணையை நர்ஸம்மாவிடம் கொடுத்தான். பிறகு, பிறந்ததிலிருந்து அக்கா சொல்லிவந்ததை ஒருவழியாகச் செய்தான். நிமிர்ந்து நின்றான். நிமிர்ந்தபடியே நடந்துபோய், போனை அவள் இரண்டு கையிலும் வைத்தான்.

"அம்மா!" என்றது போன்.

"மூக்கடைப்பா இருக்கா உனக்கு?" என்றாள் அக்கா.

முதுகுக்குப் பின்னால் குழாய் மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. கீழே, வேறு ஆளில்லாத ஹாலில், சூப்ரண்டின் குரல் எழுந்தது.

"போச்சு! யாரு அங்கே? எல்லாம் போச்சு!"

வாழ்நாள் முழுவதும் அறிக்கை கொடுத்தே பேர் வாங்கியவர். இத்தனை துல்லியமான ஓர் அறிக்கையை அவர் அதற்கு முன் சமர்ப்பித்ததில்லை.